இரண்டு குளிர்காலம், ஒரே வண்டி: உப்புச் சாலையில் ஓடிய ஒரு பைக்கின் நிகழ்வு ஆய்வு

பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை. கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே தள்ளியபோது வழக்கத்தைவிடக் கனத்தது. டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். 14 கிலோமீட்டர் ஓட்டி வேலையிடத்தில் நிறுத்தியதும் பின்சக்கரத்துப் பக்கமிருந்து கருகிய வாடை வந்தது. வானத்திலிருந்து பொடிப்பொடியாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன் டிஸ்க்கில் விழுந்தது அப்படியே ஒட்டி நின்றது. பின் டிஸ்க்கில் விழுந்தது ‘சுர்’ரென்று ஆவியாகிப் போனது.

மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பின் பிரேக் விடவில்லை. வழி முழுக்க டிஸ்க்கைக் கவ்விக்கொண்டே வந்திருக்கிறது. அந்த ஒரு கோளாறைத் தேடப் போய் வண்டியைக் கிட்டத்தட்ட முழுக்கக் கழற்றினேன். உள்ளே கண்டது என்ன, அடுத்த குளிர்காலத்தில் எதை மாற்றினேன், மாற்றியதால் என்ன ஆனது என்பதே இந்த ஆய்வு. ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே பாதை. இரண்டு குளிர்காலத்துக்கும் இடையே மாறியது பராமரிப்பு மட்டும்தான் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படிச் சொல்ல முடியாது. ஏன் என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

வண்டியும் ஓட்டமும்

650 சிசி, இரட்டை சிலிண்டர், ரேடியேட்டர் வைத்த இன்ஜின், செயின் டிரைவ். முன்னால் இரண்டு டிஸ்க், பின்னால் ஒற்றை பிஸ்டன் கேலிப்பரோடு (பிரேக் பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வி) ஒரு டிஸ்க். முதல் குளிர்காலம் தொடங்கும்போது 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதுவரை அந்த வண்டி குளிர்காலத்தில் வெளியே வந்ததே இல்லை, மூடிப் போட்டிருந்தேன். ஆகவே பழைய துரு என்று பெரிதாக எதுவும் கிடையாது. இந்த ஆய்வுக்கு அது ஒரு வசதி.

நவம்பர் முதல் மார்ச் வரை வாரத்துக்கு 5 நாள், போக 14 கிலோமீட்டர், வர 14. ஒரு நடைக்கு 22 நிமிடம் பிடிக்கும். காலை வெப்பநிலை பெரும்பாலும் −8 டிகிரிக்கும் 6 டிகிரிக்கும் இடையில் இருக்கும். தரை உறையும் என்று தெரிந்த இரவுகளில், பனிக்கட்டி பிடிக்காமலிருக்க, சாலைக்கு உப்புத் தூவிவிடுவார்கள்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அவை எல்லாம் அக்கறையோடு செய்தவை. ஞாயிறுதோறும் பிரஷர் வாஷரில் சுடுநீர் விட்டு, வெள்ளை படிந்த இடமெல்லாம் பளிச்சென்று ஆகும்வரை கழுவினேன். கழுவியதும் சிறிய ஹீட்டர் ஓடும் கொட்டகைக்குள் நிறுத்தினேன். வண்டி குளிரில் கிடக்கக் கூடாது என்பது என் எண்ணம். செயினுக்கு வாரம் ஒருமுறை ஸ்பிரே. டயருக்குக் காற்று மாதம் இருமுறை, கொட்டகைக்குள்ளேயே. பேட்டரியைத் தொடவே இல்லை.

கழற்றியபோது கண்டது

பின் கேலிப்பரை முதலில் எடுத்தேன். உள்பக்கத்து பிரேக் பேடில் 1 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை, வெளிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. கேலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்கள் இரண்டில் ஒன்று அசையவே இல்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குழம்பு போல ஏதோ இருந்தது. பிஸ்டனை வெளியே தள்ளி ரப்பர் சீலை எடுத்ததும், சீல் உட்காரும் காடியில் உப்புப் பூத்த சுவரைப் போல வெள்ளைப் பொருக்கு.

கழற்றக் கழற்றப் பட்டியல் நீண்டது. செயினில் நான்கு கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றன. அந்தக் கண்ணிகளில் மட்டும், உள்ளே இருக்கும் கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிறத் தூள் உதிர்ந்தது. பின்சக்கரத்தின் இடது பேரிங் விரலால் சுற்றினால் கரகரத்தது. பக்கவாட்டு ஸ்டாண்டு சுவிட்சின் கனெக்டரைப் பிரித்தால் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு. ரேடியேட்டரின் கீழ்வரிசைத் தகடுகள் நகம் பட்டாலே நொறுங்கின. சைலன்சருக்குப் போகும் குழாய்களில் மேலாகத் துரு. அதைக் கண்டு நான் கலங்கவில்லை, அது பார்வைக்குத்தான் மோசம்.

கலங்க வைத்தது பின் சஸ்பென்ஷனின் இணைப்புக் கை. அதன் போல்ட் வரவே இல்லை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்து, சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்கி, மறுநாள் மதியம்தான் வெளியே வந்தது. உள்ளே இருந்த ஊசி பேரிங்குகள் தனித்தனியாகப் பிரியவில்லை. பழுப்புப் பசையில் ஒட்டி ஒரே கட்டியாக வந்தன. வெளியிலிருந்து பார்க்கும்போது அந்த இடம் சுத்தமாகவே இருந்தது. ஓட்டும்போதும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. மேடுபள்ளத்தில் வண்டி சற்று விறைப்பாகக் குதித்ததைக் குளிரில் ஷாக் அப்சார்பர் எண்ணெய் தடித்துவிட்டது என்று எண்ணியிருந்தேன்.

இருபது வருடத்துக்கு மேல் வண்டி பிரிக்கும் மெக்கானிக் ஒருவரிடம் அந்தக் கட்டியை எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எதுல கழுவுறீங்க?” சொன்னேன். “அப்ப இது கழுவாம விட்டதால வந்த துரு இல்லீங்க. கழுவிக் கழுவி உள்ள ஏத்துன துரு.”

துரு உள்ளே போன வழி

அவர் சொன்னதை அன்று முழுதாக ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உப்பைப் பற்றித் தேடிப் படித்து, கழற்றிய பாகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே புரிந்தது.

சாலையில் தூவுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, நம் சமையல் உப்பேதான். நீரில் 23 சதவீத அளவுக்குக் கரைந்திருந்தால் −21 டிகிரி வரை உறையாது. ஆனால் சாலையில் −9, −10 டிகிரிக்குக் கீழே அதன் வேலை மந்தமாகிவிடும் என்பதால், கடுங்குளிருக்கு கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்றவற்றையும் சேர்ப்பார்கள். வண்டிக்காரர் மனதில் வைக்க வேண்டியது இவை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் அளவை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீர்த்துவிடும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். குளிர்காலம் முழுக்க அது காயவே காயாது எனலாம். காய்ந்த வெள்ளைப் பொடி போலத் தெரிவது இரவில் மறுபடியும் உப்புத் தண்ணீராகிறது, பகலில் காய்கிறது, மறுபடியும் நீர்க்கிறது. நான் கழுவியது ஞாயிறு. மீதி ஆறு நாளும் வண்டி உப்பில் ஊறியது.

அடுத்தது ஹீட்டர். பனியும் சேறும் அப்பிய வண்டியைச் சூடான, மூடிய கொட்டகையில் நிறுத்தினால் பனி உருகும், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும், காற்று நீராவியால் நிறையும். அரிப்பு ஒரு வேதிவினை. சூடு ஏற ஏற அதன் வேகம் கூடும். துருவை வேகமாக்கும் மூன்றையும், அதாவது உப்பு, ஈரம், சூடு எல்லாவற்றையும், நானே ஒரே அறையில் சேர்த்து வைத்திருந்தேன். அதே வண்டி வெளியே −5 டிகிரியில் நின்றிருந்தால் உப்பு நீர் அங்கேயும் இருந்திருக்கும். ஆனால் அதன் கடி மிகவும் மெதுவாக இருந்திருக்கும்.

சுடுநீரைப் பற்றியும் என் கணக்கு தவறு. சர்க்கரையைப் போல உப்பும் சூட்டில் அதிகம் கரையும் என்று நம்பியிருந்தேன். 100 கிராம் நீரில் 0 டிகிரியில் 35.7 கிராம் உப்பு கரையும். கொதிநிலையில் 39 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். உப்பை அகற்றுவது நீரின் அளவு, சூடு இல்லை. சுடுநீர் நன்றாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு: மூட்டுகளிலும் செயினிலும் இருக்கும் கிரீஸையும் எண்ணெயையும் இளக்கி வெளியேற்றுவது. நான் வாராவாரம் காசில்லாமல் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

பிரஷர் வாஷர் மிச்சத்தைச் செய்தது. பேரிங்கின் சீல், செயினின் ஓ-ரிங், இணைப்புக் கையின் தூசு மறைப்பு, கனெக்டரின் ரப்பர் எல்லாம் மழையையும் தெறிக்கும் சேற்றையும் தடுக்கச் செய்தவை. கையளவு தூரத்திலிருந்து பீய்ச்சும் தாரையை அவை தாங்காது. உள்ளே போன நீர் திரும்பி வராது. அந்த நீரும் சுத்தமானதில்லை, வழியில் கரைத்த உப்போடுதான் உள்ளே போகிறது.

அலுமினியத்தின் கதை இன்னும் நுட்பமானது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தங்கள்மேல் மிக மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்றைத் தாமே வளர்த்துக்கொண்டு பிழைப்பவை. குளோரைடு அந்தத் தோலில் புள்ளியளவு ஓட்டை போட்டுவிடும். ஓட்டைக்குள் அமிலத்தன்மை ஏறும், அந்த அமிலம் ஓட்டையை ஆழமாக்கும், ஆழமானால் அமிலம் இன்னும் சேரும். அதனால்தான் ‘ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டுவிட்டேன், கவலையில்லை’ என்பது அரை ஆறுதலே. அந்த போல்ட் அலுமினிய உடலுக்குள் திருகியிருந்தால், நடுவில் உப்பு நீர் சேர்ந்ததும் அது ஒரு குட்டி பேட்டரி போலாகிவிடும். கரைவது அலுமினியம்தான். போல்ட் அழகாக இருக்கும், மரை போய்விடும்.

பின் பிரேக் ஏன் கவ்வியது என்பதற்கு விடை அந்த வெள்ளைப் பொருக்கில் இருந்தது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வடிவ ரப்பர் சீல் ஒன்று கேலிப்பர் காடியில் உட்கார்ந்திருக்கும். பிரேக்கை அழுத்தினால் பிஸ்டன் முன்னே போகும், அதைப் பற்றியிருக்கும் சீலின் விளிம்பும் கூடவே சாயும். விட்டதும் சீல் நிமிரும். நிமிரும்போது பிஸ்டனை மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்ளும். டிஸ்க் பிரேக் விடுபடுவது அந்த மயிரிழையால்தான். அலுமினியம் அரித்து உண்டாகும் வெள்ளைப் பொடி, தான் உண்டான உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அது காடிக்குள் புடைத்து, சீலைப் பின்னாலிருந்து பிஸ்டன்மேல் நெரித்தது. சீலுக்குச் சாயவும் நிமிரவும் இடமில்லாமல் போனது. பிஸ்டன் போன இடத்திலேயே நின்றது. ஸ்லைடு பின்னும் இறுகியதால் கேலிப்பர் விலகவும் வழியில்லை.

சாலையில் இது எவ்வளவு ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிஸ்க் அப்படிச் சூடேறும்போது பிரேக் ஆயிலும் சூடேறும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, மிதித்தால் பிரேக் மிதி வெறுமனே அடிவரை போகும். என் ஆயில் மூன்று வருடப் பழையது. அந்தக் காலை அதுவரை போகவில்லை என்பதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

சின்ன விஷயங்கள் சிலவற்றையும் அப்போதுதான் கவனித்தேன். ஓய்வில் பேட்டரி 12.2 வோல்ட் காட்டியது, ஏறக்குறையப் பாதி சார்ஜ். 22 நிமிட ஓட்டமும், 40 வாட் இழுக்கும் கைப்பிடி ஹீட்டரும், குளிரில் ஸ்டார்ட்டர் கேட்கும் கூடுதல் கரண்டும் சேர்ந்தால் எடுத்தது திரும்பி வருவதில்லை. முழு சார்ஜில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி −50 டிகிரியிலும் உறையாது. காலியானது பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேயே உறைந்து ஓடு வெடிக்கும். டயரில் கொட்டகைக்குள் 18 டிகிரியில் 36 பிஎஸ்ஐ வைத்திருந்தேன். −5 டிகிரிக் காற்றில் அதே டயர் 32தான் காட்டும். இன்ஜின் ஆயில் கண்ணாடியில் மோர் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) அளவு குறையவில்லை என்பதால், அது கேஸ்கெட் கசிந்து கூலன்ட் ஆயிலில் கலந்த கோளாறு இல்லை. ஆயில் நன்றாகச் சூடாகும் முன்பே ஓட்டம் முடிந்துவிடுவதால் உள்ளே தங்கிய ஈரம்.

இரண்டாவது குளிர்காலம்

கோடையில் கேலிப்பர் காடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து புது சீல், புது ஸ்லைடு பின், புது ஆயில் போட்டேன். இணைப்புக் கைக்குப் புது பேரிங்குகள், பின்சக்கரத்துக்கும் அப்படியே, புதுச் செயின். அக்டோபர் நடுவில், முதல் உப்பு விழும் முன், மூன்று நாள் ஒதுக்கினேன்.

முதல் நாள் முழுக்கக் கழுவிக் காயவைத்தது. ஈரத்தின்மேல் எதைப் பூசினாலும் ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரிதான். இரண்டாம் நாள் கிரீஸ். இணைப்புக் கைக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் உப்பு நீரைத் தாங்கும் கால்சியம் சல்ஃபோனேட் வகை. ஸ்லைடு பின்னுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உறை உப்பிப் பயனற்றுப் போகும். அலுமினியத்தில் திருகும் போல்ட் ஒவ்வொன்றையும் எடுத்து, இறுகாமல் காக்கும் பசை தடவித் திரும்பப் போட்டேன். பசை தடவிய மரை வழுக்கும் என்பதால் வழக்கமான டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கினால் அதிகமாக இறுகிவிடும், கை அடக்கம் வேண்டும். கனெக்டர்களுக்கு மின்கடத்தாக் கிரீஸ். மூன்றாம் நாள், விமானப் பராமரிப்பிலிருந்து பைக்குக்கு வந்த ஏசிஎஃப்-50 வகைத் துருத்தடுப்புத் திரவத்தைத் துணியில் நனைத்து, டிஸ்க், பேட், டயர், கால்மிதி தவிர எல்லா இடத்திலும் மெல்லிய படலமாகத் துடைத்தேன். ஸ்பிரே அடிப்பது வேகம்தான், ஆனால் காற்றில் ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலும் முதல் பிரேக்கில் உயிர் போகலாம். துணியே மேல்.

முன் மட்கார்டுக்குக் கீழே ஒரு சாண் பிளாஸ்டிக் நீட்டம் ஒட்டினேன். இத்தனை வேலையிலும் மிக எளிதானது இதுதான். முன் டயர் வாரியடிக்கும் உப்புச் சேறு நேராகப் போய் விழுவது ரேடியேட்டரிலும் சைலன்சர் குழாய்களிலும் என்பதை, ஒட்டிய முதல் வாரத்திலேயே அந்த நீட்டத்தின்மேல் படிந்த வெள்ளை காட்டிக்கொடுத்தது.

அன்றாட வழக்கம் அடியோடு மாறியது. வீடு வந்ததும், உப்பு காயும் முன், அழுத்தமில்லாத ஹோஸில் பச்சைத் தண்ணீர் 4 நிமிடம். சோப்பு கிடையாது, பிரஷ் கிடையாது. கீழிருந்து தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு முதலில்: பின் கேலிப்பரின் உட்புறம், இணைப்புக் கை, ஸ்டாண்டு மூட்டு, ரேடியேட்டரின் அடி, மட்கார்டின் உட்பக்கம். மேல்பக்கத்துக்கு ஒரு கை நீர் போதும். முடித்ததும் முன் ஃபோர்க் குழாயைத் துணியால் ஒரு துடைப்பு. அங்கே ஒரு துருப் புள்ளி விழுந்தால் அது ஆயில் சீலைக் கிழித்துவிடும். பிறகு பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்தியபடி தெருமுனைவரை ஒரு நடை, டிஸ்க் காய. ஹீட்டரை எடுத்துவிட்டேன். கொட்டகைக் கதவை ஒரு முழம் திறந்தே வைத்தேன். காற்று ஓடினால் போதும், சூடு வேண்டாம்.

உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாள்களில் தொடவே இல்லை. கழுவிய நீர் கேபிளிலும் பூட்டிலும் பிரேக்கிலும் பனிக்கட்டியாகும் ஆபத்து, அந்தக் குளிரில் உப்பு செய்யும் மெதுவான சேதத்தைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. பூஜ்ஜியத்தைத் தாண்டும் முதல் மாலையில் இரண்டு மடங்கு நேரம் நீர் விட்டேன். அந்த மாலைதான் முக்கியம். குளிர் விலகும் நேரத்தில்தான் அடைந்து கிடந்த உப்பெல்லாம் ஒருசேர விழித்துக்கொள்ளும்.

செயினுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஓடி வந்த சூடு ஆறும் முன், துணியில் துடைத்து 80டபிள்யூ-90 கியர் ஆயில் துளித்துளியாக உருளைகளின்மேல் விட்டேன். ஓ-ரிங் செயினின் உயிர் உள்ளே அடைத்த கிரீஸில் இருக்கிறது, வெளியே விடும் எண்ணெய் ஓ-ரிங்கையும் உருளையையும் காக்கவே. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிரேக் பேடுகளைக் கழற்றி, பிஸ்டனின் வெளியே நீண்டிருக்கும் பகுதியைப் பழைய பல்துலக்கியும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்தேன். தேய்க்காமல் பிஸ்டனை உள்ளே தள்ளக் கூடாது; அழுக்கைச் சீலுக்குள் நாமே ஊட்டிவிடுகிற வேலை அது. பேட்டரிக்கு வாரம் ஓர் இரவு தானியங்கிச் சார்ஜர். டயருக்குக் காற்று, வண்டியை வெளியில் நிறுத்தி, ஓட்டும் முன். வாரம் ஒரு நாள் வீடு திரும்பும்போது 40 நிமிடச் சுற்றுப்பாதை, ஆயில் ஈரத்தை விட.

ஜனவரியில் ஒரு தவறு நேர்ந்தது. மாலை 1 டிகிரியில் கழுவினேன், இரவு −6 ஆனது. காலையில் ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டால் திரும்பி வரவில்லை. கேபிள் உறையின் மேல்முனையில் புகுந்த நீர் உறைந்திருந்தது. இன்ஜினை எழுப்பும் முன்பே ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் தப்பினேன். அதன்பின் கேபிளில் எண்ணெய் விட்டு, கழுவும்போது கைப்பிடிப் பக்கம் பிளாஸ்டிக் பை மாட்டினேன். இரவு உறையும் என்று முன்னறிவிப்பு வந்தால் கழுவுவது நடுப்பகலுக்கு மாறியது.

ஏப்ரலில் கண்டது

இணைப்புக் கை போல்ட் ஸ்பேனருக்கு முதல் முறுக்கிலேயே இளகியது. உள்ளே கிரீஸ் நிறம் மாறியிருந்தது, பேரிங்கில் துரு இல்லை. பின் பிஸ்டனைக் கட்டைவிரலால் உள்ளே தள்ள முடிந்தது. பேடுகள் இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தன. செயினை முதல் குளிர்காலத்தில் ஏழு முறை இறுக்க வேண்டி வந்தது, இம்முறை மூன்று. பேட்டரி 12.7 வோல்ட். கனெக்டர்களில் களிம்பு இல்லை.

தோற்ற இடங்களும் உண்டு. சைலன்சர் குழாய்களில் படலம் சூட்டில் எரிந்துபோனது, துரு போன வருடம் போலவேதான். சைலன்சர் கிளாம்ப் போல்ட் ஒன்று தலை முறிந்தது. எனக்கு அதிகம் கற்றுத்தந்தது முன் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மூடி. அக்டோபரில் அதற்குள் துருத்தடுப்புத் திரவத்தைத் தாராளமாகப் பூசியிருந்தேன். ஆனால் ஹோஸ் நீர் அங்கே எட்டவே இல்லை. ஏப்ரலில் மூடியைக் கழற்றியபோது திரவமும் செயின் எண்ணெயும் உப்பும் மணலும் சேர்ந்து கரும்பசையாக அப்பியிருந்தன. அதைத் துடைத்தால் அடியில் அலுமினியம் புள்ளிபுள்ளியாகப் பொரிந்திருந்தது.

அதற்கு நேர்மாறான இடமும் ஒன்று வைத்திருந்தேன். எண் பலகையைத் தாங்கும் பட்டையில் இரண்டு போல்ட். வேண்டுமென்றே ஒன்றில் படலம் பூசி, மற்றதை வெறுமனே விட்டேன். இரண்டுக்கும் தினமும் ஒரே நீர். பூசியது புதிது போல இருந்தது. பூசாதது தலையில் மட்டும் செம்மை தட்டியிருந்தது, துணியில் தேய்த்தால் போகுமளவுக்கு. பூசி, கழுவாமல் விட்ட ஸ்ப்ராக்கெட் மூடியைவிட, பூசாமல் கழுவிய போல்ட் பிழைத்துவிட்டது.

இரண்டே இடங்களை வைத்துப் பெரிய முடிவுக்கு வர நான் தயாரில்லை. ஒன்று எஃகு, ஒன்று அலுமினியம் என்ற வேறுபாடும் அதில் உண்டு. மொத்த ஒப்பீட்டுக்கும் குறை உண்டு: இரண்டாம் குளிர்காலம் தொடங்கியபோது கேலிப்பரும் பேரிங்கும் செயினும் புதியவை, முதலாவதில் 31,000 கிலோமீட்டர் ஓடியவை. உறைந்த இரவுகளும் இரண்டாவதில் குறைவு, ஆகவே சாலையில் உப்பும் குறைவாக விழுந்திருக்கும். பத்து மாற்றங்களை ஒருசேரச் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இருந்தும், எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அந்த 4 நிமிடப் பச்சைத் தண்ணீரைத்தான் வைத்துக்கொள்வேன். பூச்சு உப்புக்குத் தவணை சொல்லும், கடனைத் தீர்க்காது. நீர் எட்டாத இடத்தில் பூசுவதாக இருந்தால், அந்த இடத்தை இடையிடையே திறந்து பார்க்கவும் வேண்டும்.

மூன்றாவது குளிர்காலத்துக்கு இரண்டு மாற்றங்கள் குறித்து வைத்திருக்கிறேன். ஸ்ப்ராக்கெட் மூடியின் மூன்று போல்ட்டுகளுக்கும் பசை தடவி, மாதம் ஒருமுறை கழற்றி உள்ளே நீர் விடுவது. இணைப்புக் கைக்கு அக்டோபரில் மட்டுமின்றி, ஜனவரி நடுவிலும் ஒருமுறை பிரித்துக் கிரீஸ் மாற்றுவது. ஏப்ரலில் எடுத்த பழைய கிரீஸை ஒரு சிறு டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன், ஜனவரியில் எடுப்பதோடு நிறம் பார்க்க.